சித்தப்பாவின் ஆண் குதிரை

காயடித்த குதிரை என்றால் என் சித்தப்பாவுக்கு ஆகாது. அதன் மேல் ஏற மாட்டார், அதற்குத் தண்ணீர் காட்ட மாட்டார், பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் சோறு போட்டது ராஜா என்ற ஒரு காயடித்த குதிரைதான் என்பது அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. முன்னால் சிமெண்ட் ஷீட் போட்ட மூன்று அறைகள், பின்னால் லாயமும் சாரட்டு வண்டி நிறுத்தும் கொட்டகையும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் சேர்ந்து கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டினார்கள். அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் வரிசையாக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. எந்தெந்த ஊரிலிருந்தோ ஐ.டி. வேலைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள், வருடம் முழுக்க ஷேர் ஆட்டோவில் தொங்கினாலும் கல்யாணத்தன்று மட்டும் குதிரை வண்டியில்தான் வருவேன் என்று நின்றார்கள். அதனால் எங்களுக்கு முகூர்த்த நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது.

அந்தக் கூட்டத்தில் நிற்பதற்கு ராஜாவை விட்டால் ஆள் கிடையாது. காதோரம் பேண்டு வாசித்தாலும் காலடியில் சரவெடி வெடித்தாலும், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வழியை மறித்து ஆடித் தீர்க்கும்வரை அசையாமல் நிற்கும். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தால்கூடத் திரும்பிப் பார்க்காது. சின்ன வயதிலேயே காயடித்துவிட்டால் குதிரைக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்கும் என்று நைனா சொல்வார். ரேஸில் ஓடுகிற குதிரைகளிலேயே நிறைய அப்படித்தானாம். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு பெட்டைக் குதிரை ஓடினால் போதும், ஐயா ஓட வந்ததையே மறந்துவிடுவாராம். அபூர்வமாக ஒன்றிரண்டை மட்டும் ஜெயித்த ராசிக்காக அப்படியே விட்டு, குட்டி போடப் பண்ணைக்கு அனுப்புவார்களாம்.

சித்தப்பாவின் கணக்கு வேறு. ஜெயிப்பது ஆண் குதிரை, நிற்பது காயடித்த குதிரை, அவ்வளவுதான். ராஜா இழுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதே தனக்கு அவமானம் என்பார். மீசையை முறுக்கிக்கொண்டு அந்த வண்டியில் போய் அந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிட்டவரும் அவர்தான்.

ஒருநாள் கிண்டிப் பக்கத்திலிருந்து ஒரு ரேஸ் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார். காலில் ஏதோ நரம்பு பிசகி, இனி ஓடாது என்று விற்றுவிட்ட குதிரை. கருஞ்சிவப்பு நிறம், பளபளவென்று முதுகு, காயடிக்காத முழு ஆண். அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. சித்தப்பா அதை வீரன் ஆக்கினார். சந்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள், பின்பக்கமாகக் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதை வைத்துக் குட்டி எடுத்துக் குட்டி எடுத்து, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வீரன் வாரிசுதான் வண்டி இழுக்கும் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

வீரனுக்குக் கொள்ளு வேகவைப்பது, முட்டை உடைத்து ஊற்றுவது, கேரட் நறுக்குவது, சாணம் அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் சித்தியின் தலையில் விழுந்தது. சித்தி சோழவரம் பக்கத்துப் பெண், அதற்கு முன் குதிரையைத் தொட்டதில்லை. வீரன் ஒருநாள் அவள் தோளைக் கடித்தது. ஜாக்கெட் கிழிந்து ரத்தம் வழிய நின்றாள். தையல் போட அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பா, ஆம்பளைக் குதிரை என்றால் அப்படித்தான் இருக்கும், உன்னை அதற்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், சித்தப்பா சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரர்.

ஒரே ஒருமுறை வீரனை ஊர்வலத்துக்குப் பூட்டிப் பார்த்தார்கள். அம்பத்தூரில் எதிர்ப்பக்கம் இன்னொரு கல்யாணத்துக்கு வந்த பெட்டைக் குதிரையின் வாடை பட்டதும், அது வண்டியோடு சாலையின் நடுத் தடுப்பைத் தாண்டப் போனது. மாப்பிள்ளை தலைப்பாகை போன இடம் தெரியாமல் வண்டிக் கம்பியைக் கட்டிக்கொண்டு அலறினார். நைனாவின் கைக்கு இரண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தது. அதற்கும் சித்தப்பா பெருமைதான் பட்டார். அதன் பிறகு வீரனுக்குச் சாப்பிடுவதும் கனைப்பதும் மட்டுமே வேலை.

சித்திக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. இது எங்கள் வீட்டில் தினமும் ஒருதரமாவது யாராவது பேசுகிற பேச்சு. ஆவடியிலிருந்து அத்தை வந்தால் பேச்சு அதில் ஆரம்பித்து அதிலேயே முடியும். அத்தை நைனாவுக்கும் மூத்தவள், அவள் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அவள் சொன்னபடி சித்தி செவ்வாய்க்கிழமை ஒரு கோயில், வெள்ளிக்கிழமை ஒரு கோயில் என்று போய்க்கொண்டிருந்தாள். மரத்தில் தொட்டில் கட்டினாள், ஈரப் புடவையோடு சுற்றினாள், மண்சோறு தின்றாள். நடுவில் பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். சித்தப்பா வரவில்லை. ஒருநாள் முகூர்த்தம், ஒருநாள் லாடம் கட்ட வேண்டும், ஒருநாள் தலைவலி. அவள் கேட்பதை விட்டுவிடும்வரை அவருக்குத் தலைவலி வந்துகொண்டே இருந்தது.

குதிரைக்கு எப்படிக் குட்டி உண்டாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லாயத்தை ஒட்டிய வீட்டில் வளரும் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மனிதர்களுக்கு மட்டும் அது கோயிலுக்குப் போவதால் உண்டாவது என்று நினைத்திருந்தேன். சித்தியை அனுப்பியதெல்லாம் கோயிலுக்குத்தானே, வேறென்ன நினைப்பது?

எங்களிடம் லட்சுமி என்று ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. வீரன் வந்ததும் முதலில் அதனோடுதான் சேர்த்தார்கள். பருவத்துக்குப் பருவம் சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. மலட்டுக் கழுதை என்று சித்தப்பா லட்சுமியைத் திட்டினார். அத்தை சித்தியைச் சொல்லும்போதும் அந்த மலட்டு என்ற சொல்லைத்தான் சொல்வாள், கழுதையை மட்டும் விட்டுவிடுவாள். தீனிக்குத் தெண்டம் என்று லட்சுமியை மெரினாவில் சவாரி விடுகிற ஒருவருக்கு விற்றார்கள். சித்தி அன்று சாப்பிடவில்லை. ஒரு குதிரைக்காக இப்படியா என்று அம்மா கடிந்துகொண்டாள்.

அடுத்த வருடம் லாடம் கட்ட வந்தவர், கடற்கரையில் லட்சுமி குட்டி போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு அழகான குட்டி என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடாமல் அப்படியே நின்று அதைக் கேட்டாள். சித்தப்பா அது லட்சுமியாகவே இருக்காது என்றார்.

அதற்குள் வெள்ளானூரிலிருந்து ஒருவர் தம் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து வீரனோடு சேர்த்திருந்தார். ஏற்கெனவே இரண்டு ஈற்று ஈன்ற குதிரை. அதுவும் காலியாகத் திரும்பியது. அவர் சந்தில் நின்று எல்லாரும் கேட்கும்படி, உன் குதிரைக்கு உருவம்தான் இருக்கு, உள்ளே சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. என் குதிரையைச் சொல்கிறாயா, டாக்டரை வைத்தே நிரூபிக்கிறேன் பார் என்று கத்தினார். கால்நடை டாக்டரைக் கூப்பிட்டது வேறு யாருமில்லை, அவரேதான். அந்த வெள்ளானூர்க்காரரையும் இன்ன நாளில் வந்து தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போ என்று வரச் சொன்னார்.

டாக்டர் என்றதும் சித்தப்பா ஓர் ஆம்பளையை எதிர்பார்த்தார். ஸ்கூட்டியில் வந்து இறங்கியது ஓர் இளம்பெண். காலையில் வந்து எதையோ எடுத்துக்கொண்டு போனார், அப்போது பிள்ளைகளையெல்லாம் கடைக்கு விரட்டிவிட்டார்கள். சாயங்காலம் திரும்ப வந்தபோது சந்தில் பாதிப் பேர் லாயத்துக்கு முன்னால் நின்றார்கள். சித்தப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். நைனா, அம்மா, அன்றைக்கென்று வந்திருந்த அத்தை எல்லாரும் இருந்தோம். சித்தி உள்ளே வீரனுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொன்னார். குதிரையின் விந்தில் உயிர் இல்லை, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாயிற்று, இதனால் எந்தக் குதிரைக்கும் சினை பிடிக்காது. பிறவியிலேயே இப்படி இருந்திருக்கலாம், ஏதாவது காய்ச்சலில் ஆகியிருக்கலாம். பெட்டைக் குதிரைகள் மேல் ஒரு குறையும் இல்லை. பேசாமல் காயடித்துவிட்டால் சாந்தமாகும், வண்டிக்காவது ஆகும்.

சித்தப்பா நம்பவில்லை. எப்படி நிற்கிறது பாருங்கள், பெட்டையைக் கண்டால் எப்படிப் பாய்கிறது, இதைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார். வெளியே பார்த்தால் தெரியாதுங்க, அதுக்குத்தான் டெஸ்ட் என்றார் டாக்டரம்மா.

சித்தி தவிட்டு வாளியோடு லாயத்தை விட்டு வெளியே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள். அத்தனை பேருக்கும் முன்னால் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“கேட்டுகினியா மாமா? பாத்தா தெரியாதாம். டெஸ்ட் எட்த்தாத்தான் தெரியுமாம். என்னிய எல்லா டெஸ்டும் எட்த்தாச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீ வா.”

வெள்ளானூர்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தார். சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார், நைனா நடுவில் விழுந்து பிடித்துக்கொண்டார். அத்தை, நாலு பேர் எதிரில் புருஷனைப் பார்த்துப் பேசற பேச்சா இது என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு இந்தக் கூத்து எதற்கு என்றே விளங்கவில்லை. வீரனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகத் துணைக்குக் கூப்பிடுகிறாள், அதற்கு இவ்வளவு ரகளையா என்று நினைத்தேன்.

சித்தப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று எல்லாருக்கும் தெரியும், அதே சந்தின் கடைசியில் சிநேகிதர் வீட்டு மொட்டைமாடிக்குத்தான். ஆனாலும் காணாமல் போனவரைத் தேடுவதுபோலத்தான் வீடே இருந்தது. அத்தை ஆவடிக்குத் திரும்பிப் போகவில்லை. ஆடி முடிந்ததும் தம்பிக்கு வேறு பெண் பார்த்துவிடுவேன், இவளை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பு என்று நைனாவிடம் நேராகவே சொன்னாள். நைனா பதில் சொல்லவில்லை. என் நைனா நல்லவர் என்று ஊரில் பேர், அவர் எதற்கும் பதில் சொல்லாததால் வந்த பேர் அது.

அம்மாதான் நடுவில் ஓடினாள். சித்தியிடம் நீ போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள் என்பாள், மொட்டைமாடிக்குப் போய் அவரிடம் ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வாயேன் என்பாள். சித்தி அசையவில்லை. வந்து டெஸ்ட் எடுத்தால் இருக்கிறேன், என்ன முடிவு வந்தாலும் கூட இருக்கிறேன், வராவிட்டால் போகிறேன். அவள் சொன்னது அவ்வளவுதான். இதைவிட ஒரு பெண் இறங்கி வர முடியுமா? அந்த வீட்டில் அது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். தாடி வளர்ந்து, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யாரோடும் பேசாமல் நேராக லாயத்துக்குப் போய் வீரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அழுதுகொண்டிருந்தார்.

“சரி, குதிரைய காயட்ச்சிடலாம்,” என்றார். “அவ சொன்னதே ஆவட்டும். போதுமா?”

அத்தை ஓவென்று அழுதாள். “இதுக்கு மேல ஒரு ஆம்பள இன்னாடி எறங்கி வருவான்?” என்று சித்தியைப் பார்த்துக் கேட்டாள். நைனா வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பியைக் கட்டிப்பிடித்தார். அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிளறப் போனாள். குதிரைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம், இவரிடம் கேட்டதற்குக் குதிரையைக் கொடுத்தால் எப்படிச் சரியாகும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குதிரை வீட்டு மனிதர்கள் அல்லவா, ஆண்மையை எங்கேயாவது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நிஜமாகவே நம்பினார்கள். சித்தி மட்டும் கேசரியைத் தொடவில்லை.

டாக்டரம்மா வந்து மயக்க ஊசி போட்டுக் காயடித்துவிட்டுப் போனார். புண்ணில் தினமும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், வீக்கம் வைக்காமல் இருக்கக் காலையும் மாலையும் நடத்த வேண்டும் என்று சொன்னார். சித்தப்பா அந்தப் பக்கமே வரவில்லை. தனக்கே நடந்துவிட்டதைப்போலச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சந்துக்காரர்கள் வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அத்தை அவருக்கு ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தாள். வெட்டுப்பட்டது குதிரை, சூப்பு குடித்தது இவர். புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, அதைச் சந்தில் நடத்திக்கொண்டு போய்வந்தது சித்தி.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீரன் நிஜமாகவே சாந்தமாகிவிட்டது. ராஜாவுக்குப் பிறகு பல வருடம் ஊர்வலத்தில் நின்றது வீரன்தான், அதன் உழைப்பில்தான் நான் காலேஜ் போனேன். அத்தை சொன்னபடியே சித்தப்பாவுக்கு வேறு பெண் கட்டி வைத்தாள். அந்தச் சித்தியையும் அதே கோயில்களுக்கு அதே கிழமைகளில் அனுப்பினார்கள். அவளும் மண்சோறு தின்றாள், அவளுக்கும் குழந்தை இல்லை. சித்தப்பாவுக்கு வாய்த்தது இரண்டுமே இப்படி ஆகிவிட்டதே என்று ஊர் உச்சுக்கொட்டியது. இன்றுவரை அவர் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை. போன மாதம்கூட ஒரு ரிசப்ஷனில், ஒருத்திக்காக என் குதிரையையே விட்டுக்கொடுத்தவன் நான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கெல்லாம் முன்பு, வீரனின் புண் முழுதாக ஆறிய மறுநாள் காலை, சித்தி அதை எப்போதும்போல நடத்திக் கொண்டுவந்து கட்டினாள். தண்ணீர் வைத்தாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அம்மா கையைப் பிடித்தாள், சித்தி விடுவித்துக்கொண்டாள். சித்தப்பா படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

நான் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை ஓடினேன். எனக்குச் சித்தி என்றால் உயிர், அவள் போவது எனக்குத் தாங்கவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, அதான் வீரனைக் காயடித்துவிட்டார்களே, நீ கேட்டதைத்தானே சித்தப்பா செய்தார், இன்னும் எதற்குக் கோபம் என்று கேட்டேன்.

சித்தி என்னைக் குனிந்து பார்த்தாள்.

“குதிரைய யார்டி கேட்டா?” என்றாள்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். அழுகையோடு சேர்ந்து எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. லாயத்துக்கு முன்னால் அத்தனை பேர் காதுபட வீரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டாளே, நானும்தானே நின்று கேட்டேன், இப்போது குதிரையைக் கேட்கவே இல்லை என்கிறாளே. ஒரு மனிதர் உயிருக்கு உயிரான குதிரையையே கொடுத்த பிறகும் மனம் இறங்காமல் போகிறாளே. வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுதுகொண்டே அதை அப்படியே சொன்னேன். அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்குப் புரிவதுகூட அவளுக்குப் புரியவில்லையே என்றாள். நைனா தலையாட்டினார், சித்தப்பா எழுந்து வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.